கோடையில் அளந்த பாதை

போன மாதம் ஜெயா வீட்டுக்கு வந்திருந்தாள். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பம்புசெட் கடை மாடியில் இருக்கிற விமான டிக்கெட் அலுவலகத்தில் நான் முப்பது வருடம் தேய்த்த நாற்காலி இப்போது அவளுடையது. புதிதாக இரண்டு பெண்கள் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்களாம். மேசை இழுப்பறையைத் துடைத்தபோது, நான் கோடு போட்டு எழுதிய பழைய நேரத்தாள்கள் ஒரு கட்டு கிடைத்திருக்கிறது.

"என்னக்கா, 'கதவைப் பூட்டிச் சாவியை அடுத்த வீட்டில் கொடுக்க ஏழு நிமிடம்'னு எல்லாம் எழுதி வச்சிருக்கீங்க? பிள்ளைய விழுந்து விழுந்து சிரிக்குதுவ."

"சிரிக்கட்டும்" என்றேன்.

அவள் தன் போனை எடுத்துத் தூத்துக்குடி, சென்னை என்று இரண்டு ஊரைத் தட்டினாள். ஐந்நூறு கிலோமீட்டர் சொச்சம் தூரம், ஒரு மணி இருபத்தைந்து நிமிடப் பறப்பு என்று வந்தது. "இவ்வளவுதாங்க்கா. இப்பல்லாம் இதுக்கு மேல யாரும் கேக்கதே இல்ல. இருந்தாலும் உங்க அனுபவத்தை ரெண்டு பக்கம் எழுதித் தாங்க. புதுப் பிள்ளையளுக்கு வாசிக்கக் குடுக்கேன். நல்லதா நாலு எழுதுங்க."

நல்லதாக நாலு எழுத எனக்கும் ஆசைதான். முதல் விமானப் பயணத்துக்குக் கட்டுச்சோறும் குடமும் கொண்டுவந்தவர்கள் கதையெல்லாம் என்னிடம் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் காகிதத்தை எடுத்து உட்கார்ந்தால் ஒரே ஒரு வீட்டு வாசல்தான் கண்ணில் வந்து நிற்கிறது. அதை எழுதித் தொலைத்தால்தான் மற்றது வரும். ஒருவேளை வராமலும் போகலாம்.

நான் சண்முகத்தாய். அம்மா தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சிக் கட்டை அடுக்கி என்னைப் படிக்க வைத்தாள். டைப்ரைட்டிங் தேறிய கையோடு இந்த அலுவலகத்தில் சேர்ந்தேன். அதற்கு ஒழுங்கான பெயர்ப் பலகை இருந்தும் ஊரில் எல்லாருக்கும் அது 'ஏரோப்ளேன் ஆபீஸ்'தான். நடத்தியவர் தனுஷ்கோடி அண்ணாச்சி. அதற்கு முன்பு மதுரையில் ஒரு விமான கம்பெனி கவுண்டரில் வேலை பார்த்தவர். வேலை கற்றுக்கொண்ட கதையை நீட்டப்போவதில்லை. முதல் இரண்டு வருடம் திட்டு வாங்கினேன், மூன்றாவது வருடம் திட்டு குறைந்தது, அவ்வளவுதான்.

அண்ணாச்சியின் முறை என்ன என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும். டிக்கெட் கேட்டு வருகிறவரிடம் அவர் முதலில் விமானத்தைப் பற்றிப் பேசவே மாட்டார். ஒரு முழுத்தாளை எடுத்து, ஸ்கேல் வைத்து ஐந்து கட்டம் போடுவார். பிறகு பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, "வீட்டுக் கதவைப் பூட்டியாச்சு. பெறவு?" என்பார். வந்தவர் விழிப்பார். "பெறவு என்ன அண்ணாச்சி, பஸ்ஸைப் பிடிச்சு மதுரைக்குப் போவேன்" என்றால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். "கதவைப் பூட்டுன கையோட பஸ்ஸுக்குள்ள எப்படிவே போவீரு? பஸ் உம்ம வீட்டு வாசலுக்கா வருது?" என்பார். வந்தவர் வேறு வழியில்லாமல் தன் தெருவில் வாயாலேயே நடந்து காட்டுவார். ஒவ்வொரு திருப்பத்திலும் அண்ணாச்சி "பெறவு?" என்பார்.

முதல் கட்டத்தில் வீட்டிலிருந்து தார் ரோடு வரை ஆகும் நேரம். இரண்டாவதில் அங்கிருந்து விமான நிலையம். மூன்றாவதில் கவுண்டர் அடைக்கும் நேரம். விமானம் கிளம்பும் நேரத்தை அவர் எந்தத் தாளிலும் எழுதியதில்லை. நான்காவதில் பறக்கும் நேரமும் இறங்கிப் போய்ச் சேரும் நேரமும். ஐந்தாவது கட்டத்தில் ஒரே ஒரு சொல்தான் இருக்கும். அது மாதத்தின் பெயர். சித்திரை, ஆனி, ஐப்பசி என்று எழுதுவார். 'சுமார்' என்ற சொல் அந்த அலுவலகத்தில் கெட்ட வார்த்தை.

"ஆகாசத்துல ஆகுற நேரத்தை எவனும் சொல்லிருவான் தாயி. அது கம்பெனிக்காரன் கணக்கு. தரையில ஆகுறதுதான் நம்ம கணக்கு" என்பார்.

இருக்கும் இடத்திலிருந்தே எழுதுவதும் அவருக்குப் பிடிக்காது. தெரியாத ஊர் என்றால் போய் அளந்து வரவேண்டும். அதற்கும் ஒழுங்கு உண்டு. வாசலில் போய் நின்று, வண்டியை அணைத்துவிட்டுத்தான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் மனசு அடுத்த இடத்துக்கு ஓடிவிடும், நிமிடத்தைத் தப்பாகப் படிப்போம் என்பது அவர் கட்சி. நான் கடைசி வரைக்கும் அப்படியே செய்தேன்.

மாதத்தை எதற்கு எழுத வேண்டும் என்று ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. கழுகுமலையிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு மாதத்தை எழுதாமல் தாளைக் கொடுத்தேன். அவர்கள் கிளம்பிய நாள் பங்குனி உத்திரத் தேரோட்டம். தேர் நிலைக்கு வரும்வரை அவர்கள் வண்டி ரத வீதியிலேயே நின்றது, மதுரையில் விமானம் போய்விட்டது. அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. "மாசம் கேட்டியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அவர் என் முன்னாலேயே அந்தக் குடும்பத்துக்குப் போன் செய்து, தப்பு எங்களுடையது என்று சொல்லிவிட்டு வைத்தார். அதற்குப் பதிலாக அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். அன்றிலிருந்து, அண்ணாச்சி அலுவலகத்தில் இருந்தவரை, மாதம் கேட்காமல் நான் ஒரு தாளும் எழுதியதில்லை.

கம்ப்யூட்டர் வந்தபோது அண்ணாச்சிக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. அலுவலகத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டுக் கயத்தாற்றில் மகள் வீட்டோடு போய்விட்டார். புது முதலாளி நேரத்தாளை அச்சடித்துக் கொடுத்தார். அதில் நான்கு கட்டங்கள்தான் இருந்தன. "எல்லா ஊருக்கும் தார் ரோடு வந்தாச்சு, இன்னும் என்னம்மா மாசம்" என்றார். இந்த நான்கு கட்டத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பல வருடம் நான் இதன் பின்னால்தான் ஒளிந்துகொண்டிருந்தேன்.

ராசாத்தி முதன்முதலில் மாடிப்படி ஏறி வந்தது ஒரு பங்குனி மாதக் காலை. நாகலாபுரத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். முப்பது வயது இருக்கும். கையில் ஆஸ்பத்திரிக் கோப்பு. டிக்கெட் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள்.

"எக்கா, எங்க வீட்டுக்காரவியளுக்கு ரெண்டு கிட்னியும் போயிட்டு. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில மாத்துததுக்குப் பேரு பதிஞ்சிருக்கோம். யாருக்காவது மூளைச்சாவு ஆயி, கிட்னி இவியளுக்குப் பொருந்துச்சுன்னா போன் போடுவாவளாம். போட்டதுல இருந்து ஆறு மணி நேரத்துக்குள்ள அங்கன நிக்கணுமாம்."

"வர முடியலைன்னா?"

"அடுத்த ஆளுக்குப் போயிருமாம். ஆறுக்குள்ள வர முடியாத ஊர்க்காரவியள மெட்ராஸ்லயே ரூம்பு பிடிச்சு இருக்கச் சொல்லுதாவ. எங்க ஊர்ல இருந்து எத்தனை மணி நேரம்னு எழுதி வாங்கிட்டு வரணும்." கோப்பை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு பிள்ளைய படிக்குது. ஆறு குறுக்கம் கரிசல் கிடக்கு. மாடு நிக்குது. மெட்ராஸ்ல போயி நாங்க எப்படிக்கா இருக்க? இவிய சொல்லுதாவ, அங்கன போயிக் கெடந்து சாகுததுக்கு நம்ம பிஞ்சையிலயே செத்துருதேன்னு. ஆறுக்குள்ள வருமாக்கா?"

அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றேன். ஊருக்கு வரவா என்று கேட்டதும் அவள் முகம் அப்படி மலர்ந்தது.

சித்திரை பிறந்த வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியில் போனேன். நாகலாபுரம் ரோட்டிலிருந்து அவர்கள் ஊருக்கு ஒரு வண்டிப்பாதை பிரிகிறது. இரண்டு கிலோமீட்டர் இருக்கலாம். இரு பக்கமும் பருத்திமார் பிடுங்கிய வெற்றுக் கரிசல். வெயிலுக்கு நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, சில வெடிப்பில் முழங்கை வரை கை போகும். பாதை மட்டும் சிமெண்ட் போட்டது மாதிரி இறுகியிருந்தது. சக்கரம் வெடிப்பில் மாட்டாமல் வளைத்து வளைத்து ஓட்டினேன். வாசலில் நிறுத்தி, வண்டியை அணைத்து, கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடம். கார் என்றால் வெடிப்புக்கு இன்னும் மெதுவாகப் போகவேண்டும் என்று இரண்டு நிமிடம் கூட்டிப் பன்னிரண்டு என்று குறித்துக்கொண்டேன்.

வாசலில் வேப்பமரத்தடியில் முத்தையா கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ராசாத்தியின் கணவர். நாற்பது ஆகவில்லை, அதற்குள் கால் இரண்டும் வீங்கி, முகம் சாம்பல் பூத்திருந்தது. வாரம் இரண்டு நாள் தூத்துக்குடிக்கு டயாலிசிஸ் செய்யப் போய்வந்தார். குடிக்கிற தண்ணீரைக்கூட டம்ளரில் அளந்துதான் அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்குச் செம்பு நிறையத் தண்ணீர் வந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்க அதைக் குடிக்கக் கூச்சமாக இருந்தது. ரெண்டு வார்த்தை பேசினோம். அங்கேயே கட்டிலின் ஓரத்தில் தாளை வைத்து எழுதினேன்.

துணிமணி எடுத்துக் கிளம்பப் பதினைந்து நிமிடம். வண்டிப்பாதை பன்னிரண்டு. தார் ரோட்டிலிருந்து தூத்துக்குடி விமான நிலையம் ஒரு மணி ஐம்பது. கவுண்டர் அடைப்பிலிருந்து விமானம் கிளம்பும்வரை ஒரு மணி. பறப்பது ஒன்று இருபத்தைந்து. இறங்கி ஆஸ்பத்திரி சேர ஒன்று ஐந்து. ஆக ஐந்து மணி நாற்பத்தேழு நிமிடம். கீழே, 'விமான நேரம் ஒத்துவந்தால்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினேன். பறக்க உடல் தகுதி உண்டு என்று டாக்டர் தரும் சான்றை மாதாமாதம் புதுப்பிக்க வேண்டும், சக்கர நாற்காலிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், போன் வந்ததும் முதலில் எனக்குப் போன் செய்ய வேண்டும் என்பதையெல்லாம் தனித்தாளில் எழுதிக் கொடுத்தேன். நாகலாபுரத்தில் பால்ராஜ் என்கிற டிரைவரிடமும் சொல்லி வைத்தேன். வேலையை இதைவிடச் சுத்தமாக யாரும் செய்திருக்க முடியாது என்று அன்றைக்குத் திரும்பும் வழியில் நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புக்காகவே என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி தாளை ஏற்றுக்கொண்டது. முத்தையா ஊரிலேயே இருந்தார். நேரத்தாளை ராசாத்தி பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்தாள்.

அந்த வருடம் ஆடி பொய்த்தது, ஆவணியும் பொய்த்தது, புரட்டாசியும் காய்ந்தபடி போனது. உளுந்தும் பருத்தியும் விதையாக வீட்டில் கிடக்க, ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஐப்பசி மூன்றாம் வாரம் முதல் பெருமழை இறங்கியது. ஒரு சாயங்காலம் தொடங்கி மறுநாள் விடியும்வரை நிற்கவில்லை. கோவில்பட்டியிலேயே தெருவில் முழங்கால் தண்ணீர். காலையில் மழை வெறித்திருந்தது. ஏழு நாற்பத்தைந்துக்கு என் போன் அடித்தது.

"எக்கா!" ராசாத்தி மூச்சு வாங்கினாள். "மழையும் வந்துட்டு, போனும் வந்துட்டுக்கா! இப்பதான் கூப்பிட்டாவ. ரெண்டு மணிக்குள்ள வரச் சொல்லுதாவ. எல்லாம் பொருந்துதாம்!"

பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. முத்தையாதான் என்று பிறகு தெரிந்தது. மழை பெய்த சந்தோஷமும் இதுவும் சேர்ந்து அவருக்குச் சிரிப்பாக வந்திருக்கிறது.

பதினொன்றே கால் விமானத்தில் இரண்டு இடம் போட்டேன். பத்தேகாலுக்குக் கவுண்டர் அடைப்பு. கணக்குப்படி அவர்கள் பத்து மணி இரண்டு நிமிடத்துக்கு அங்கே இருக்க வேண்டும். பதின்மூன்று நிமிடம் மிச்சம்கூட இருந்தது. பால்ராஜுக்குப் போன் செய்தேன். என் தாளில் வாசல் வரைக்கும் என்று இருந்ததால் அவர் நேரே பாதையில் வண்டியை இறக்கிவிட்டார்.

எட்டேகாலுக்கு அவரிடமிருந்து போன் வந்தது. "எக்கா, வண்டி பாதி வழியில உக்காந்துட்டு. சக்கரம் சுத்தல. மண்ணு மக்கார்டு வரைக்கும் அப்பிட்டு."

கரிசலில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். வெயிலில் பாறையாகக் கிடக்கிற அதே மண், ஒரு மழை நனைத்தால் பசையாகிவிடும். வழுக்கிவிட்டாலும் பரவாயில்லை, இது பிடித்துக்கொள்ளும். சக்கரத்தோடு ஒட்டி, அதன்மேல் இன்னும் ஒட்டி, கடைசியில் சக்கரமே தெரியாது. மனிதன் நடந்தால் பத்து அடிக்கு ஒருதரம் நின்று, குச்சியால் பாதத்தைச் சுரண்டிவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க முடியும். டிராக்டர் இருந்தது, அது பாதைக்கு வரும் முன்பே ஓடையில் புதைந்துவிட்டது.

ஊரில் நாலு பேர் சேர்ந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு கம்பைக் கட்டி அவரைத் தூக்கினார்கள். நான் போனை வைக்கவே இல்லை. "ஏலே, இடது பக்கம் சாயுது, பிடில!" என்று ஒருவர் கத்தினார். நடுவில் முத்தையாவின் குரல் கேட்டது: "என்னை இறக்கிவிடுங்கல. நீங்க கெடந்து சாகுதீங்க. நான் நடக்கேன்." இறக்கிவிட்டார்கள் போலிருக்கிறது. அந்த வீங்கின காலோடு சகதியில் அவர் எத்தனை அடி நடந்தார் என்று எனக்குத் தெரியாது. ராசாத்தி "ஐயோ, ஐயோ" என்றது மட்டும் கேட்டது. திரும்பவும் தூக்கினார்கள்.

இதற்கிடையில் இன்னொரு போனில் விமான நிலையத்துக்குப் பேசினேன். கவுண்டரில் இருந்தவர் எனக்குப் பழக்கம். "பத்தரை வரைக்கும் பாக்கேன்க்கா. அதுக்கு மேல என் கையில இல்ல" என்றார். மதுரையையும் பார்த்தேன். அங்கே பதினொன்றரை மணிக்கு ஒன்று இருந்தது. எட்டரைக்குள் தார் ரோட்டை மிதித்திருந்தால் அதுவும் ஆகியிருக்கும். அடுத்த விமானம் சென்னையில் இறங்குவது நாலரை மணிக்கு. காரில் போனால் சாயங்காலம் தாண்டிவிடும். காகிதத்தில் திரும்பத் திரும்பக் கூட்டினேன். எப்படிக் கூட்டினாலும் கட்டம் நிரம்பி வழிந்தது.

ஒன்பது ஐம்பதுக்கு ராசாத்தி பேசினாள். "எக்கா, ரோட்டுக்கு வந்துட்டோம்! பால்ராஜண்ணாச்சி வேற வண்டி வரவச்சிட்டாவ. ஏறியாச்சு. பிடிச்சிருவோம்லா?"

அப்போது நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? "வாங்க வாங்க, பாப்போம்" என்றேன். ஒரு மணி ஐம்பது நிமிடத் தூரத்தை நாற்பது நிமிடத்தில் யார் பிடிப்பது? அத்தனை வருடம் நிமிடம் எண்ணினவள் வாயில் 'பாப்போம்' வந்தது.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். அங்கே இந்த வேலையைப் பார்க்கிற அம்மா தன்மையாகத்தான் பேசினார். "நாலரைன்னா முடியாதும்மா. அதுக்கு மேல உறுப்பு தாங்காது. லிஸ்ட்ல அடுத்து இருக்கவங்களை வரச் சொல்லிட்டேன். இவங்க பேரு லிஸ்ட்லயேதான் இருக்கும், கவலைப்படாதீங்க" என்றார்.

பால்ராஜைக் கூப்பிட்டு வண்டியைத் திருப்பச் சொன்னேன். அதற்குள் எட்டயபுரம் தாண்டியிருந்தார்கள். "நான் எப்படிக்கா சொல்ல? நீங்களே அவிய கிட்ட சொல்லுங்க" என்று போனைப் பின்னால் நீட்டிவிட்டார். வாங்கியது முத்தையா. சொன்னேன்.

"சரிக்கா" என்றார். "மழைக்கு நீங்க என்ன செய்வீய."

அவரைச் சென்னைக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொள்ளத்தான் இத்தனையும். ஆனால் அன்றைக்குப் பிறகு அவர் வீட்டில் இருக்கவில்லை. இன்னொரு தடவை போன் வந்தால் பாதை மறிக்கக் கூடாது என்று நாகலாபுரத்தில் ரோட்டோரமாக ஒரு சொந்தக்காரர் வீட்டு முன்னறையில் கட்டிலைப் போட்டுக்கொண்டார். அவர் விதைக்க ஆசைப்பட்ட நிலத்தை ராசாத்தி ஒத்தையாக விதைத்தாள். அந்த வருடம் உளுந்து நன்றாக விளைந்தது என்று சொன்னார்கள். போன் வரவே இல்லை. மாசி மாதம் அந்த முன்னறையிலேயே இறந்துபோனார்.

கேட்டவர்களுக்கெல்லாம் நான் ஒரே பதிலைச் சொன்னேன். சித்திரையில் அளந்தேன், மழை நினைவுக்கு வரவில்லை, அச்சடித்த தாளில் மாதத்துக்குக் கட்டமும் இல்லை. எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். முதலாளி, "நீ என்னம்மா செய்வே, விடு" என்றார். கயத்தாற்றுக்குப் போய் அண்ணாச்சியிடமும் சொன்னேன். அவருக்கு அப்போது பார்வை அறவே இல்லை. நாற்காலியில் சாய்ந்து முழுவதையும் கேட்டார். நான் முடித்த பிறகு, "பெறவு?" என்றார்.

"பெறவு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. அவ்வளவுதான்."

அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பியபடியே இருந்தார். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன். அடுத்த தடவை போவதற்குள் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

முத்தையா இறந்து நாற்பது நாள் கழித்து ராசாத்தி அலுவலகத்துக்கு வந்தாள். கையில் அந்தப் பிளாஸ்டிக் உறை. எதிரில் உட்காரவில்லை, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எக்கா, ஒண்ணு கேக்கணும். நீங்க அளக்க வந்த அன்னைக்கு, கட்டில்ல வச்சு எழுதுனீயல்லா? அப்ப இவிய ஒரு வார்த்தை சொன்னாவ. 'ஏட்டி, மழைக்கு என்னட்டி செய்ய? பாதை ஆளைப் போகவிடாதே'ன்னாவ. நான்தான் 'சும்மா இருங்க, எழுதுத நேரத்துல குறுக்க பேசாதீங்க'ன்னு அடக்குனேன். மழையையும் சேத்தா ஆறைத் தாண்டிருமே, மெட்ராஸுக்குப் போவணும்பாவளேன்னு பயந்துட்டேன். அது உங்களுக்குக் கேட்டுச்சாக்கா?"

அவள் என்னைக் குறை சொல்ல வரவில்லை. இத்தனை மாதமாக அவள் தனியாகத் தூக்கிக்கொண்டிருந்ததில் ஒரு முனையைப் பிடிக்க யாராவது உண்டா என்று பார்க்க வந்திருந்தாள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு வருடக்கணக்காயிற்று. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் என் பயம்தான்.

"கேக்கலை ராசாத்தி. ஸ்கூட்டி ஸ்டார்ட்ல நின்னுச்சுல்லா, அந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை" என்றேன்.

அவள் தலையாட்டினாள். "அப்ப கேட்டது நான் ஒருத்திதான்" என்றாள். உறையை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். நான் கூப்பிடவில்லை.

இப்போது அந்தப் பாதைக்குத் தார் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, ஜெயா வந்துபோன மறுநாள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் நிறுத்தி, அணைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம். வீடு பூட்டியிருந்தது. ராசாத்தி பிள்ளைகளோடு கழுகுமலைக்கு அண்ணன் வீட்டுப் பக்கம் போய்விட்டாள், தீப்பெட்டி வேலைக்குப் போகிறாள் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். அங்கிருந்து கழுகுமலை எத்தனை நிமிடம் என்று எனக்குத் தெரியாதா? வண்டியை வீட்டுக்குத்தான் திருப்பினேன்.

ஜெயா, நீ கேட்ட இரண்டு பக்கம் இதுதான். நல்லதாக நாலு இதில் இல்லை. புதுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் கிழித்துப் போடுவதும் உன் இஷ்டம். கழுகுமலையிலிருந்து யாராவது டிக்கெட்டுக்கு வந்தால் மட்டும் ஒரு பிரதி கொடுத்தனுப்பு.

ராசாத்தி, வாசலில் வந்து நின்றதும் நான் வண்டியை அணைத்துவிட்டேன். அது என் பழக்கம். அந்த நேரத்தில் உங்கள் ஊரில் ஒரு சத்தமும் இல்லை. அவர் மழை என்றதும் நான் நிமிர்ந்து உன் முகத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பன்னிரண்டு என்று எழுதினேன். 'மழை இல்லையென்றால்' என்று கீழே ஒரு வரி எழுத இடம் இருந்தது, எழுதவில்லை. எனக்குக் கேட்டது ராசாத்தி. அவர் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.